வெப்சைட்டா? ஆப்பா? - மிந்த்ரா மூடித் திறந்த கதவு

திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு சின்ன ரெடிமேட் துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளியிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. ஆன்லைனிலும் விற்க ஆசை. வெப்சைட் போடுவதா, மொபைல் ஆப் செய்வதா? இரண்டுக்கும் காசு பத்தாது. தப்பான பக்கம் கையை வைத்தால் போட்ட முதல் போச்சு!

இதே கேள்விக்கு, கோடிக்கணக்கில் முதலீடு வைத்திருந்த கம்பெனிகளே தடுமாறி இருக்கின்றன. அந்தக் கதைதான் இது.

2007-ல் ஐபோன் வந்தபோது வெளியாட்கள் செய்த ஆப் எதையும் அதில் ஏற்ற முடியாது. பிரவுசரில் ஓடும் வெப் ஆப்களே போதும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் நிலை. அந்த நிலை ஒரு வருடம்தான் தாங்கியது. 2008 ஜூலையில் சுமார் 500 ஆப்களோடு ஆப் ஸ்டோர் திறந்தது. அதன்பின் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். லண்டனின் ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை 2011-ல் ஆப் ஸ்டோரை விட்டு வெளியேறி வெப் ஆப்புக்குப் போனது. சந்தாவில் 30 சதவீதம் ஆப்பிளுக்குப் போவதும், சந்தாதாரர் விவரம் தன் கைக்கு வராததும் அதற்குப் பிடிக்கவில்லை. ஃபேஸ்புக் போனதோ நேர் எதிர்த் திசையில். வெப் தொழில்நுட்பத்தை அதிகமாக நம்பியது பெரிய தவறு என்று 2012-ல் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

மிந்த்ரா 2007-ல் பெங்களூரில் ஆரம்பித்த கம்பெனி. 2014-ல் ஃபிளிப்கார்ட் அதை வாங்கியது. 2015 மே 15 அன்று மிந்த்ரா தன் வெப்சைட்டை மூடியது. இனிமேல் துணி வாங்க வேண்டுமானால் ஆப் மட்டும்தான்!

காரணம் இல்லாமல் இல்லை. ஆர்டர்களில் சுமார் 70 சதவீதம் அப்போதே மொபைலில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆப் இருந்தால் ஆஃபர் வரும்போது நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம். ஒவ்வொருவரின் ரசனைக்கும் ஏற்றபடி துணியைக் காட்டலாம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. 70 போனால் மீதி 30 இருக்கிறதே! அது வெறும் எண் இல்லை, வாடிக்கையாளர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மதிய இடைவேளையில் பார்ப்பவர்கள் உண்டு. சேலையின் கரையைப் பெரிய திரையில் பார்த்துத்தான் வாங்குவேன் என்பவர்கள் உண்டு. அதோடு அது 2015. ஜியோ வருவதற்கு ஒரு வருடம் முன்பு. டேட்டா விலை அதிகம், பலருக்கு 2ஜி-தான். விலை குறைந்த போன்களில் இடமும் கிடையாது. ஒரு ஆப் ஏற்ற வேண்டுமானால் நாலு போட்டோவை அழிக்க வேண்டும். ஒரு சட்டைக்காக யார் அதைச் செய்வார்கள்?

அதே வருடம் ஃபிளிப்கார்ட்டும் மொபைல் பிரவுசரில் வருபவர்களை ஆப்புக்குத் தள்ளிவிட்டது. முழுக்க ஆப்புக்கு மாறப் போகிறது என்றுகூடச் செய்திகள் வந்தன. ஆனால் அது நடக்கவில்லை. 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்று ஒரு புது வழி வந்தது. அது பிரவுசரிலேயே திறக்கும், ஆனால் ஆப் மாதிரி நடந்துகொள்ளும். இன்ஸ்டால் செய்யும் வேலை இல்லை, டேட்டாவும் குறைவு.

2016 ஜூன் 1 அன்று மிந்த்ராவும் வெப்சைட்டை மறுபடி திறந்தது. பெண் வாடிக்கையாளர்கள் வெப்சைட்டையும் கேட்கிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இதனால் ஆப் தோற்றது என்று அர்த்தம் இல்லை. மிந்த்ராவின் தப்பு ஆப் செய்தது அல்ல, இன்னொரு கதவைப் பூட்டியது. ஆப் என்பது அடிக்கடி வருகிறவருக்கு. முதல்முறை வருகிறவர் தேடலில் இருந்தோ, யாரோ அனுப்பிய லிங்கில் இருந்தோதான் வருவார். அவரிடம் முதலில் இன்ஸ்டால் செய் என்பது, கடைக்குள் வருமுன் மெம்பர்ஷிப் கேட்பது போல.

செலவுக் கணக்கும் உண்டு. ஆப் கடையில் இடம் பிடிக்க கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். இது சில்லறைதான். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செய்து, ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் திருத்திக்கொண்டே இருப்பதுதான் நிஜமான செலவு. நல்லவேளையாக, அந்த 30 சதவீதக் கமிஷன் துணி மாதிரி கையில் தொடும் சரக்குக்குக் கிடையாது.

திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. மெட்ரோவுக்குச் சொந்த ஆப் இருந்தது. ஆனாலும் 2023 மே மாதம் வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. பயணிகளின் போனில் ஏற்கெனவே இருப்பது அதுதானே!

அப்படியானால் தேரடி கடைக்காரர் என்ன செய்யலாம்? முதலில் சின்ன போனிலும் சட்டென்று திறக்கும் ஒரு எளிய வெப்சைட், ஆர்டருக்கு வாட்ஸ்அப். அதே வாடிக்கையாளர்கள் மாதாமாதம் திரும்பி வருகிறார்களா என்று ஒரு வருடம் நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். வந்தால், அவர்களுக்காக ஆப் செய்யலாம். வராவிட்டால் சேமிப்பாவது மிஞ்சும்.