கான்டினென்டல் ஜிடியும் நிஞ்ஜாவும்: விருதுநகர்ச் சாலைக்கு எது இதம்?

ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650, கவாஸாகி நிஞ்ஜா 650 இரண்டையும் அருகருகே நிறுத்தி, எதை ஓட்டினால் முதுகு வலிக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் நிஞ்ஜாவைக் காட்டுவார்கள். பந்தய வண்டியின் ஃபேரிங்கும் கூர்மூக்கும் அப்படி நினைக்க வைக்கின்றன. ஜிடி வட்ட விளக்கும் நீண்ட டேங்குமாகச் சாதுவாக நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நிஞ்ஜாவின் ஹேண்டில்பார் உயரமாக அமைந்து, முதுகைப் பெரிதும் வளைக்காமல் உட்காரவைக்கிறது. ஜிடியின் தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில்பாரும் பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்டும் உடலை முன்னால் சாய்க்கின்றன. சாதுவாகத் தெரிவது உடலை வேலை வாங்குகிறது, மிரட்டுவது அணைத்துக்கொள்கிறது.

எண்களைப் பார்த்தால் இவை அண்ணன் தம்பி என்றே தோன்றும். ஒன்று 648 சிசி, மற்றது 649. இரண்டிலும் இரட்டை சிலிண்டர், ஆறு கியர், 41 மி.மீ. முன்ஃபோர்க், கியரைச் சட்டென்று குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச். எடையும் இரண்டிலும் 200 கிலோவை ஒட்டியே நிற்கிறது. திறனில்தான் பாதை பிரிகிறது. காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் ஜிடியின் இன்ஜின் 47 குதிரைத்திறன் தருகிறது. திரவத்தால் குளிரும் நிஞ்ஜாவினுடையது 68. ஆனால் ஜிடி தன் 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 5,200 சுற்றுகளை ஒட்டியே தந்துவிடுகிறது. நிஞ்ஜா தன் உச்ச முறுக்குவிசையை எட்ட 6,700 வரை சுழல வேண்டும். சிவகாசிக் கடைவீதியில் தள்ளுவண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே ஊர்ந்து போகிறவருக்கு 68 என்ற எண் ஓர் அலங்காரமே.

எதிர்பாராத உறவு ஒன்று ஓசையில் இருக்கிறது. ஜிடியின் கிராங்க் 270 பாகையில் அமைந்தது. ஒரு சிலிண்டர் வெடித்து 270 பாகை கழித்து அடுத்தது வெடிக்கும். பிறகு 450 பாகை மௌனம். நிஞ்ஜாவின் கிராங்க் 180 பாகை. இடைவெளிகள் 180, 540. ஆக, இரண்டுமே சீராக வெடிக்காதவை. சரவெடியில் திரி சில இடங்களில் நெருக்கியும் சில இடங்களில் விட்டும் கோத்திருந்தால் என்ன தாளம் வருமோ, அந்தத் தாளம். பட்டாசோடு வளர்ந்த சிவகாசிக் காதுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். ஜிடியின் இடைவெளி 90 பாகை வி-ட்வின் இன்ஜினுடையதற்குச் சமம் என்பதால் தாளம் ஆழமாகவும் உருண்டும் கேட்கிறது. நிஞ்ஜா கீழ்ச்சுற்றில் முரட்டுத்தனமாகப் படபடத்து, மேலே போகப் போக இழைகிறது. வண்டி வாங்கியதும் சைலன்ஸரை மாற்றத் துடிப்பவர்கள் ஜிடியைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுப் பார்க்கலாம்.

இனி காற்று. சாய்ந்து உட்காரும் அமைப்புக்குக் காற்று கூட்டாளி. வேகத்தில் நெஞ்சில் மோதும் காற்று உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, மணிக்கட்டு இளைப்பாறும். ஃபேரிங் இல்லாத ஜிடி, மதுரை நோக்கிய நான்குவழிச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் இதமாகி, ஊருக்குள் நுழைந்ததும் மணிக்கட்டைப் பதம் பார்ப்பது இதனால்தான். நிஞ்ஜாவின் ஃபேரிங் காற்றைத் தடுத்துவிடுகிறது. தாங்கக் காற்று இல்லாததால், மணிக்கட்டைக் காக்க ஹேண்டில்பாரை உயர்த்துவதே நல்லது. ஒன்றின் குறையும் மற்றதன் நிறையும் ஒரே விதியிலிருந்து பிறக்கின்றன. அதே ஃபேரிங், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றாலைகள் நிறைந்த கயத்தாறுப் பக்கம் பக்கவாட்டுக் காற்றை வாங்கி வண்டியை உலுக்கும். காற்றைத் தடுத்ததற்கு அது கொடுக்கும் விலை அது.

வெயிலில் யாருக்கும் சலுகை இல்லை. தீக்குச்சியையும் பட்டாசையும் காயவைத்து விருதுநகர் மாவட்ட ஊர்களுக்குத் தொழில் தந்த வறண்ட வெப்பம், ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது இரு வண்டிகளையும் ஒன்றுபோல வாட்டுகிறது. நிஞ்ஜாவில் ரேடியேட்டர் விசிறி சுழலும்போது சூடான காற்று கால்பக்கம் வரும். ஜிடியில் விசிறி இல்லை. இன்ஜினின் அனல் நேராக முழங்காலுக்கு வரும்.

சாலை மட்டும் பட்சபாதம் காட்டுகிறது. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி ஜிடியில் 174 மி.மீ., நிஞ்ஜாவில் 130. இந்த 44 மி.மீ. வித்தியாசம் நெடுஞ்சாலையில் தெரியாது. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போகும்போது, கிராமத்தார் தாங்களாகவே எழுப்பிய வேகத்தடை குறுக்கிட்டால் அடிவயிற்றில் தெரியும். ஜிடியின் 18 அங்குலச் சக்கரமும் குழிகளைக் கொஞ்சம் பெருந்தன்மையாகக் கடக்கிறது. ஆனால் பின்பக்க இரட்டை ஷாக் அப்சார்பர்கள் இறுக்கமானவை; நிஞ்ஜாவின் ஒற்றை ஷாக் இதைவிட நாசூக்கு. டேங்க் கொள்ளளவிலும் நிஞ்ஜாவே மேல்: 15 லிட்டர், ஜிடிக்கு 12.5. விலையோ நிஞ்ஜாவுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சர்வீஸுக்கும் மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பு இது. வாரம் தவறாமல் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நிஞ்ஜா தரும் சுகத்தை ஜிடி தராது. கையில் காசு இருந்தால் தயங்க வேண்டாம். சாத்தூர், சிவகாசி, ஶ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகத் திரிகிறவர் நிஞ்ஜாவை மறந்துவிடலாம். ஆனால் ஜிடியையும் உடனே வாங்கிவிட வேண்டாம். அதே இன்ஜின், அதே சட்டகம், உயர்ந்து அகன்ற ஹேண்டில்பாரோடு 2018-இல் ஜிடியுடனேயே இந்தியச் சந்தைக்கு வந்த உடன்பிறப்பு ஒன்று, அநேகமாக அதே ஷோரூமில் நிற்கும். பெயர் இன்டர்செப்டர் 650. முன்பணம் கட்டும் முன் அதில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.