வகைப்படுத்தலும் பத்தாங் காலியும்

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 12 வயது நிரம்பியோர் அனைவரையும் பதிந்து, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கும் பணி தொடங்கிற்று. காட்டிலிருந்த போராளியையும் ஊரிலிருந்த குடிமகனையும் பிரித்தறிவதே அதன் நோக்கமாகும். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒருங்கு சேர்க்கப்பட்டன. வாயிலில் அட்டையும் உணவும் சோதிக்கப்பட்டன.

இன்றைய நிறுவனக் கணினி வலையமைப்பிலும் ஒரு மையம், ஓடிவரும் தரவுப் பொதி எந்தச் செயலிக்குரியது என அறிந்து வகுக்கிறது. அங்கு வகை பிறழ்ந்தால் செய்தி தாமதமாகும். மாந்தரிடையே பிறழ்ந்தால் உயிரே போகும்.

1948 டிசம்பர் 11, 12ஆம் நாள்களில் பத்தாங் காலியை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில், பெண்டிரையும் சிறுவரையும் தனியே பிரித்த பிரிட்டிஷ் படையினர், ஆயுதமற்ற 24 சீன ஆடவரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றோர் என அரசு அறிவித்தது. 1970இல் அப்படைவீரர் சிலரின் வாக்குமூலங்கள் வெளிவந்து அவ்வறிவிப்பை மறுத்தன. எனினும், விசாரணை நடத்தும் சட்டக் கடப்பாடு அரசுக்கு இல்லையென 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அட்டை ஒருவரது பெயரைக் கூறும். அவரது குற்றத்தைக் கூறாது. வகுப்போர் கையில் அதிகாரம் குவியுந்தோறும், வகுத்தது சரிதானா என வினவும் உரிமையும் வளர்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.