கண்டிப்பும் எதிர்மொழியும்: திருநெல்வேலி முதல் ஹுன்னஸ்கிரிய வரை

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டி அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைச்சரிவுகளிற் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. தோட்டங்களில் உழைத்தோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டனர். அவர்களிடையே கிறித்தவப் பணிபுரிவதற்கென 1854ஆம் ஆண்டில் கண்டியை மையமாகக் கொண்டு ஓர் இயக்கம் தோன்றியது. சர்ச் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த அவ்வியக்கத்திற்கு அன்று இடப்பட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது. பெயரைச் சூட்டியோர் தாம் யாருக்குப் போதிக்க வந்தனரோ அவரை எவ்விடத்தில் நிறுத்தி நோக்கினர் என்பதை அறிய இதற்குமேற் சான்று வேண்டியதில்லை.

அம்மிஷனின் பணிக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் தருவிக்கப்பட்டனர். இங்கு குறிக்கப்படுவது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியன்று. தமிழ்நாட்டின் தென்பகுதி மாவட்டம். அவ்வுபதேசியார்கள் வேதாகமத்தோடு, தம் மண்ணின் திருச்சபை அண்மையில் அனுபவித்த ஒரு கசப்பான வரலாற்றையும் உடன் கொண்டுவந்தனர். கண்டித்தல், திருத்துதல், அதனை ஏற்றல், மறுத்தல் ஆகியன பற்றிய வரலாறு அது.

கடிந்துரையை மனிதர் எதிர்கொள்ளும் வகைகளை வேதாகமம் பல இடங்களிற் காட்டுகின்றது. நாத்தான் தீர்க்கன் தன் குற்றத்தை எடுத்துரைத்தபோது தாவீது பணிந்தான். யோவானின் கண்டனத்தைக் கேட்ட ஏரோது அவனைச் சிறையிலிட்டான். ஆயின், மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது அந்தியோக்கியாவில் நிகழ்ந்ததாகும். அங்கே பவுல் பேதுருவை முகத்துக்கு முன்பாக எதிர்த்தார் எனக் கலாத்தியர் நிருபம் கூறுகின்றது; பேதுரு என்ன மறுமொழி கூறினார் என்பதை அது கூறவில்லை. எனினும், பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரர் என்றே குறிப்பிடுகின்றது; அவருடைய நிருபங்களிற் சில விளங்குதற்கு அரியன என்று சொல்லவும் அது தவறவில்லை. மத்தேயு சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரமோ திருத்தத்திற்கு ஒரு முறையையே வகுத்துத் தருகின்றது: முதலிற் தனிமையில், பின் இரண்டொரு சாட்சிகளோடு, இறுதியிற் சபையின் முன். இம்முறை இருவரையும் சகோதரராகக் கருதியே பேசுகின்றது என்பது மறக்கற்பாலதன்று.

ஜெர்மானியரான ரேனியஸ் 1814இல் சென்னைக்கு வந்து, 1820இற் பாளையங்கோட்டையிற் பணியைத் தொடங்கினார். தமிழை நன்கு கற்று, இலக்கணம் எழுதியவர். வேதாகம மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டவர். உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் பேராயரின் கைவழியன்றித் தம் லூத்தரன் மரபின்படியே குருப்பட்டம் அளிக்க அவர் விரும்பினார். சங்கம் அதற்கு இசையவில்லை. இந்நிலையில் ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறும் மதிப்புரை ஒன்றை அவர் வெளியிட்டார். 1835இற் சங்கம் அவரோடு கொண்டிருந்த தொடர்பைத் துண்டித்தது. குறைகூறலும் அச்சில், தண்டனையும் கடிதத்தில். மத்தேயு கூறும் முதற்படியில் இரு தரப்பாரும் போதிய காலம் நின்றனர் எனக் கூறுதல் கடினம். ரேனியஸ் முதலில் விலகிச் சென்றார். பின்னர் உபதேசியார்களின் அழைப்பையேற்று அவ்வாண்டிலேயே மீண்டார். திருநெல்வேலிச் சபை இரண்டாகப் பிளந்தது. 1838இல் அவர் இறந்த பின்னரே பிளவு ஆறியது.

இதனினும் ஆழமான புண் ஒன்று அடுத்து ஏற்பட்டது. இடையன்குடியிற் பணியாற்றிய ராபர்ட் கால்டுவெல், 1849இற் திருநெல்வேலிச் சாணார் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். இன்று நாடார் என வழங்கும் அச்சமூகத்தினரே அவருடைய சபையிற் பெரும்பான்மையினர். மேலைநாட்டு வாசகரின் ஆதரவை மிஷனுக்குத் திரட்டுதல் அந்நூலின் நோக்கங்களில் ஒன்று. அவர்கள் இலங்கையின் வட பகுதியிலிருந்து குடியேறியோர் என்றும், அறிவாற்றலிற் தாழ்ந்தோர் என்றும் அவர் அதில் எழுதினார். தம் ஞானப்பிள்ளைகளைத் திருத்த வந்தவர், அவர்கள் வாசியார் என்று கருதிய மொழியில், அவர்களைப் பற்றி அயலாருக்கு எழுதினார். எழுத்தறிவைப் பரப்பியதும் அதே மிஷன்தான் என்பதை அவர் நினையாது போனமை வியப்பே.

வாசித்தவர் ஒருவர் தோன்றினார். அருமைநாயகம் என்னும் இயற்பெயருடைய சட்டம்பிள்ளை, சாயர்புரத்து மிஷன் கல்வியிற் பயின்று உபதேசியாராகப் பணிபுரிந்தவர். மிஷனரியோடு ஏற்பட்ட முரண்பாட்டின் விளைவாக 1850ஆம் ஆண்டளவிற் பணிநீக்கம் செய்யப்பட்டார். சென்னை சென்றிருந்த காலத்திற் கால்டுவெல்லின் நூலைக் கண்டு, அதன் செய்தியை ஊர் மக்களிடையே பரப்பினார் என்பர். 1857இல் நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறியில், ஐரோப்பியர் தொடர்பற்ற 'இந்து கிறித்தவ சபை' ஒன்றை நிறுவினார். ஏக இரட்சகர் சபை எனவும் அது வழங்கும். சனிக்கிழமையே ஓய்வுநாள், வழிபாட்டிற் சாஷ்டாங்க வணக்கமும் தூபமும் இடம்பெற்றன, குருமார் வரிசை இல்லை, அயல்நாட்டுப் பணம் இல்லை.

சட்டம்பிள்ளையின் செயலைக் கண்டிப்புக்குப் பணியாத ஆணவம் என அக்கால மிஷனரிமார் கருதினர். அக்கருத்தை முற்றாக ஒதுக்குதற்கில்லை. அவருடைய எதிர்ப்பிலே தன்மானமும் சாதிப்பெருமையும் பிரித்தறிய இயலாவாறு கலந்திருந்தன. ஆயினும் அவர் கிறித்துவை விட்டு விலகவில்லை என்பதும் நோக்கற்பாலது. திருத்துவோரின் அதிகாரத்தை மறுத்தாரேயன்றி, திருத்தத்தின் அளவுகோலாகிய வேதாகமத்தை அவர் மறுக்கவில்லை. அதனைக் கொண்டே அவர்களை அளந்தார்.

கால்டுவெல் தாம் திருத்தப்பட்டபோது எவ்வாறு நடந்துகொண்டார்? இலக்கணத்துறையில் அவருக்கு இது எளிதாக வந்தது. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தைத் திருத்தி விரித்து 1875இல் மீண்டும் வெளியிட்டார். அறிஞர் அறிஞரைத் திருத்துதல் இருவர்க்கும் பெருமையே. ஆனால், மக்களைப் பற்றி எழுதிய நூல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆறாத வடுவாய் நின்றது. அச்சமூகத்தார் கல்வியிலும் வணிகத்திலும் உயர்ந்து, துண்டுப்பிரசுரங்களும் விண்ணப்பங்களும் வாயிலாக 1880களிற் கிளர்ந்தெழுந்தனர். இறுதியில் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 1877இலேயே பேராயர் நிலைக்கு உயர்ந்துவிட்ட அவர், தாம் உருவாக்கிய மக்களிடமிருந்தே கண்டனம் கேட்க நேர்ந்தது. விலக்கிக்கொள்ளுதல் வேறு, மனம் வருந்துதல் வேறு; எனினும் முதலாவதையேனும் செய்வோர் அதிகாரத்தில் அமர்ந்தோரிடையே அரியர். 1891இற் கொடைக்கானலில் இறந்த அவருடைய உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அதனை ஏற்றுக்கொண்டது, அந்நூல் எந்த மக்களைப் பழித்ததோ அம்மக்களின் சபையே.

திருநெல்வேலியாருக்குக் கண்டனத்திற்கு எதிர்மொழி கூறும் வழிகள் இருந்தன: சொந்த ஊர், சொந்த நிலம், பனந்தோப்பு, பின்னாளில் அச்சகம். சட்டம்பிள்ளை மிஷனை விட்டு நீங்கியபோது நடந்து சேரத்தக்க ஒரு கிராமம் அவருக்கு இருந்தது. ஹுன்னஸ்கிரிய மலைக்கு வந்த தொழிலாளிக்கு அவற்றுள் எதுவும் இல்லை. அவர் குடியிருந்த லயமும் துரையின் சொத்து. மேலும், கண்டி மிஷனின் செலவிற் பெரும்பகுதியைத் தோட்டத்துரைமாரின் நன்கொடைகளே தாங்கின. உபதேசியார் தோட்டத்தினுள் நுழைவதே துரையின் அனுமதியோடுதான். குடியையும் சண்டையையும் கண்டித்து அவர் தொழிலாளியிடம் பேசலாம்; கூலி நிலுவையைக் குறித்து நாத்தானைப்போலத் துரையிடம் பேசுதல் எளிதன்று. இது தனியொரு உபதேசியாரின் குறையன்று. அவர் நிறுத்தப்பட்ட இடத்தின் குறை.

கண்டிப்பைக் கேட்ட தொழிலாளி அதனை ஏற்றாரா, மறுத்தாரா என்பதை அவர் கைப்பட எழுதிவைக்கவில்லை. எழுதியோர் துரைமாரும் மிஷனரிமாருமே. அவருக்கு எஞ்சியிருந்த எதிர்மொழி தோட்டத்தை விட்டு நீங்குதல் ஒன்றே. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் முன்னறிவித்தலின்றி அவ்வாறு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அறிவித்து நீங்குவோர்க்கும் கங்காணியிடம் பட்ட கடன் குறுக்கே நின்றது. அக்கடனைக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் இடம் பெறுதல் அரிது. துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921ஆம் ஆண்டிலேயாகும்.