டேனரி நீர் பாய்ந்த நிலத்துக் கீரையைச் சாப்பிடலாமா? குரோமியம் அளவைக் கணக்கிடும் முறை

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே ஒரு ஆய்வக அறிக்கையைப் பார்த்து ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது.

தோல் பதனிட குரோமியம் உப்பு பயன்படுகிறது. 1996-ல் வேலூர் வழக்கின் தீர்ப்பில், திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்ட டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது உச்ச நீதிமன்றம். மண்ணில் சேர்ந்த குரோமியம் மட்கி மறையாது. மண்வள அட்டையின் 12 காரணிகளில் குரோமியம் கிடையாது. தனியாகக் கேட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும்.

கீரையில் உள்ள அளவு, தினமும் சாப்பிடும் அளவு, அதில் சொந்த நிலத்தில் விளைந்த பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் உடலுக்குள் போகும் அளவு கிடைக்கும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். கிலோவுக்கு 0.4 முதல் 3 மில்லிகிராம், சாப்பிடுவது 50 முதல் 200 கிராம், சொந்த விளைச்சல் 30 முதல் 100 சதவீதம். குறைந்த எண்களைப் பெருக்கினால் 0.006 மில்லிகிராம், உயர்ந்தவற்றைப் பெருக்கினால் 0.6. நூறு மடங்கு வித்தியாசம்! சராசரியை மட்டும் சொன்னால் அதிகம் சாப்பிடும் வீடு மறைந்துவிடும். உச்சத்தை மட்டும் சொன்னால் வீண் பயம்.

இதற்கு 'மான்டி கார்லோ' முறை உதவும் (சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயர்தான்). சீட்டுக் குலுக்குவதுபோல ஒவ்வொரு வரம்பிலிருந்தும் ஓர் எண்ணைக் கணினி எடுத்துப் பெருக்கும். இப்படி 10,000 முறை செய்து விடைகளை ஏறுவரிசையில் அடுக்கினால், 9,500-வது விடைதான் நாம் பார்க்க வேண்டியது. நூற்றுக்கு 95 வீடுகள் அதற்குள் அடங்கும். கதிர்வீச்சு அளவை மதிப்பிடவும் இதே முறைதான். 1986 செர்னோபில் விபத்துக்குப் பின், ஒரே ஊரிலேயே காட்டுக் காளானும் சொந்த மாட்டுப் பாலும் அதிகம் சாப்பிட்டவர்கள் உடலில் சீசியம் கூடுதலாக இருந்தது. மண் ஒன்றுதான், சாப்பாடு வேறு.

ஒரு எச்சரிக்கை. மூன்று எண்களையும் தனித்தனியாகக் குலுக்கினால் உச்சம் குறைத்துக் காட்டப்படும். சொந்தக் கீரை உள்ள வீடுதானே கீரையும் அதிகம் சாப்பிடும்? இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். 60 கிலோ பெரியவர் சாப்பிடுவதில் பாதியை 15 கிலோ குழந்தை சாப்பிட்டால், கிலோ எடைக்கு இரண்டு மடங்கு போகிறது.

குரோமியத்தின் வகையும் முக்கியம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-ல் மூவிணைதிற குரோமியத்துக்கு எடையில் கிலோவுக்கு தினம் 0.3 மில்லிகிராம் வரை அனுமதித்தது. 60 கிலோ நபருக்கு அது 18 மில்லிகிராம். நம் கணக்கின் 0.6 அதற்கு அருகில்கூட இல்லை. ஆறிணைதிற வகை அப்படியல்ல; அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, நீரில் எளிதாகக் கரைந்து நகரும். எனவே கீரைக்கு முன்னால் குடிக்கும் கிணற்று நீரைப் பாருங்கள். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆறிணைதிற அளவையும் தனியாகக் கேளுங்கள்.

மாதிரியை மழைக்கு முன்பும் பின்பும் எடுங்கள். கீரையை சமையலுக்குக் கழுவுவது போலவே கழுவுங்கள், ஒட்டிய மண் அளவைக் கூட்டிவிடும். எவர்சில்வர் கத்தி, மிக்ஸி வேண்டாம். எவர்சில்வரிலேயே குரோமியம் உண்டு. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்குவதால் முள்ளங்கி, பீட்ரூட்டைத் தனிப்பையில் அனுப்புங்கள். கூடவே, வீட்டில் ஒரு வாரம் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுதிய தாளையும் வையுங்கள்.