கடல் கடந்த துணையைக் காணச் செல்லுதல்: விசா வந்த வரலாறு

பெங்களூர் நகரின் கிழக்குப் பகுதியில், அல்சூருக்கு அடுத்தாற்போல், பழைய விமான நிலையச் சாலையை ஒட்டித் தொம்மலூர் அமைந்திருக்கிறது. இவ்வூரில் தமிழ் மொழி நேற்று வந்து குடியேறியதன்று. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சொக்கப்பெருமாள் என்னும் பெயரால் அங்கு எழுந்தருளியிருக்கும் திருமாலுக்குக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து நிலம் அளித்த செய்தியை அவற்றுள் ஒன்று கூறுகிறது. பின்னர் 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கு மாற்றித் 'தண்டு' எனப்படும் படைவீட்டை அமைத்தபோது, அதனைப் பின்தொடர்ந்து தமிழ் மக்கள் பலர் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தனர்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாடுவிட்டு நாடு செல்கின்றனர். 2008 மே 24ஆம் நாள் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்படும் வரையில், பெங்களூரிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்கள் தொம்மலூருக்கு அருகிலிருந்தே புறப்பட்டன. பாஸ்போர்ட் அலுவலகமோ பக்கத்துக் கோரமங்கலத்தில் இருக்கிறது. ஆகவே, வழியனுப்புவதும் வரவேற்பதும் இவ்வட்டாரத்து மக்களுக்குப் பழகிய காரியங்கள். இன்று இங்கு வாழும் ஒரு பெண்ணின் துணைவன் பிராங்பர்ட்டிலோ சிங்கப்பூரிலோ நியூ ஜெர்சியிலோ வேலை பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைச் சில வாரங்கள் கண்டு வர அவள் விரும்பினால், முதலில் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்புக்கும் சந்திப்புக்கும் இடையே இந்தத் தாள் எப்பொழுது வந்து நின்றது? அதனை எதிர்த்தும் திருத்தியும் நம்மவர் என்ன செய்தனர்? இவற்றை இங்கு காண்போம்.

பிரிவு என்பது தமிழருக்குப் புதிதன்று. பொருள் தேடிப் பிரியும் பிரிவுக்கென நம் முன்னோர் இலக்கணமே வகுத்தனர். கடல் வழிப் பிரயாணம் பெண்ணொடு கூடியதன்று என்று தொல்காப்பியம் விதித்தது. அனுமதிச் சீட்டும் மிகப் பழமையானதே. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் முத்திரை அதிகாரி ஒருவரைக் குறிப்பிடுகிறது. ஒரு மாஷம் என்னும் சிறு நாணயத்தைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டு, நாட்டுக்குள் நுழைவோருக்கும் வெளியேறுவோருக்கும் முத்திரையிட்ட சீட்டு வழங்குவது அவர் கடமை. ஆயினும் அந்நாளைய சீட்டு, பிரயாணி இன்னார் என்பதை அறியவே பயன்பட்டது. துணையை நாடிச் செல்பவர் மெய்யாகவே திரும்பி வருவாரா என்று மனத்தை அளந்து பார்க்கும் முறை, மிக அண்மையில் தோன்றியதாகும்.

முதல் உலகப் போர் 1914இல் மூள்வதற்கு முன்பு, உலகின் பல பகுதிகளில் பாஸ்போர்ட் இல்லாமலே பிரயாணம் செய்ய முடிந்தது. ஒற்றர்களுக்கு அஞ்சிய அரசாங்கங்கள் போர்க்காலத்தில் அதனைக் கட்டாயமாக்கின. போர் ஓய்ந்த பின்னும் கட்டுப்பாடு ஓயவில்லை. சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1920ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாரிசில் கூடிய மாநாடு, பாஸ்போர்ட் எவ்வாறு அமைய வேண்டும் என்று வரையறுத்துக் கொடுத்தது. அதே 1920இல் இந்தியாவிலும் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. தற்காலிக ஏற்பாடாக வந்தது நிலைபெற்றுவிட்டது.

ஆனால் இந்தியருக்கு இந்தத் துன்பம் போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் குடியேறியிருந்த ஹசன் ஈசப் என்பவரின் மனைவி பாய் மரியம் இந்தியாவிலிருந்து கணவரிடம் சென்றபோது, அதிகாரிகள் அவரைக் கரையிறங்க விடவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. 1913ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் நீதிபதி சர்ல் தீர்ப்பளித்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின்படி நடந்த திருமணத்தை, குடிநுழைவுச் சட்டத்தின் பொருட்டுத் திருமணமாகக் கொள்ள இயலாது என்பது அதன் சாரம். இந்து, முஸ்லிம், பார்சி முறைப்படி மணந்த பெண்கள் அனைவரும், ஒரே நாளில், சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர்.

இந்த அவமதிப்பைப் பொறாத பெண்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து முதலில் புறப்பட்ட பெண்களுள் பெரும்பாலோர் தமிழர் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். அவர்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று, முன்னாள் ஒப்பந்தக் கூலிகள் மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் தலைவரியையும் எடுத்துரைத்து, வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். கடுங்காவல் தண்டனையும் ஏற்றனர். அடுத்துச் சென்ற பெண்களுள் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அவர், சிறையில் கடும் காய்ச்சலுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள், பதினாறே வயதில் உயிர்நீத்தார். அதே ஆண்டில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், இந்தியரின் திருமணங்களைச் செல்லத்தக்கனவாக ஏற்று, தலைவரியையும் நீக்கியது. மனைவி ஒருத்தி கணவனிடம் சேரும் உரிமையும் அந்தப் போராட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கனடாவில் நிகழ்ந்ததும் இத்தகையதே. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேராக வந்து சேர்பவர்களே அனுமதிக்கப்படுவர் என்று அந்நாட்டு அரசாங்கம் 1908இல் விதித்தது. இந்தியாவிலிருந்து அவ்வாறு செல்லக் கப்பல் வசதி இல்லை. தடை என்ற சொல்லைக் கூறாமலே தடை செய்த விதி அது. அங்கே உழைத்துக்கொண்டிருந்த பஞ்சாபியரின் மனைவியர் ஆண்டுக்கணக்கில் கிராமங்களிலேயே காத்திருந்தனர். பாக் சிங், பல்வந்த் சிங் ஆகிய இருவர் தம் மனைவியரை அழைத்துச் சென்று 1912இல் போராடியபோது, 'கருணையின் பேரில்' மட்டுமே அனுமதி கிடைத்தது. உரிமை என்ற பேச்சுக்கு இடமில்லை. குடியேறிய இந்தியர் தம் மனைவியையும் இளம் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்று 1918இல் பேரரசு மாநாடு தீர்மானித்த பின்னர், 1919இல் கனடா வழிவிட்டது.

நம் தமிழ்நாட்டின் கடற்கரைக்குத் திரும்புவோம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை சென்று வந்தது. மலேயாவில் கணவனும் தஞ்சை மாவட்டத்தில் மனைவியுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு அக்கப்பலே பாலமாக விளங்கிற்று. மலேயாவின் குடிநுழைவுச் சட்டம் 1953இல் நடைமுறைக்கு வந்து, வருவோரின் தொகையை மிகவும் சுருக்கியது. 1959இல் வந்த திருத்தம் இன்னும் கடுமையானது. 1954 டிசம்பருக்குப் பிறகு, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவியர் அங்கு நுழைவதை அது தடுத்தது. ஏழைத் தொழிலாளி கப்பல் கட்டணம் சேர்க்க இயலாமையால் நேர்ந்த பிரிவே, அந்தத் திருமணத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இலங்கையின் கதையும் நாம் அறிந்ததே. 1914 முதல் தனுஷ்கோடி வழியாக இரயிலும் படகுமாக எளிதில் சென்று வந்த மக்கள், 1949 நவம்பர் முதல் விசா பெறவேண்டியவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரி, சிறிமாவோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று கணக்கிடப்பட்டனர். கணக்கு தலைகளை எண்ணியது, உறவுகளை எண்ணவில்லை. குடும்பங்கள் பல இரு நாடுகளிலுமாகப் பிரிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியையும் அழித்துவிட்டது.

பிரிட்டன் 1962இல் காமன்வெல்த்துக் குடியேற்றச் சட்டத்தால் தன் கதவைச் சாத்தத் தொடங்கியது. 1979 ஜனவரியில், மணமகனை நாடி லண்டன் விமான நிலையத்தில் இறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர், அவர் மணமாகாதவர்தாமா என்று அறிவதற்காக இழிவான உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். செய்தி வெளியானதும் எழுந்த கண்டனத்தால் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. பின்னர் 1980இல் மற்றொரு விதி வந்தது. அங்குள்ள பெண்ணை மணக்க வரும் ஆடவன், குடியேறுவது தன் முதன்மை நோக்கமன்று என்று தானே மெய்ப்பிக்க வேண்டும். ஒருவன் உள்ளத்தில் இல்லாததை எங்ஙனம் மெய்ப்பிப்பது? பல குடும்பங்களைப் பிரித்து வைத்த அவ்விதி 1997இல் கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் பாஸ்போர்ட் பெறுவது வெகுகாலம் அரசாங்கத்தின் சலுகையாகவே கருதப்பட்டது. 1967 ஏப்ரல் 10ஆம் நாள் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஐவருள் மூவர் கருத்து அது. அதன் விளைவாகவே அவ்வாண்டில் இன்றைய பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. ஆகவே, புறப்படுவது நம் உரிமை. நுழைவது மட்டும் மற்ற நாட்டின் விருப்பம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விண்ணப்பம் செய்பவர் நன்கு உணர வேண்டும்.

இனி, தொம்மலூரில் நாம் கண்ட அந்தப் பெண்ணிடம் வருவோம். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 214ஆம் பிரிவு, சுற்றுலா விசா கேட்பவர் எவரையும், மாறாக மெய்ப்பிக்கும் வரையில், குடியேற வந்தவராகவே கொள்கிறது. பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆயினும் திறப்புடன் விசா பணி தொடங்கவில்லை. பெங்களூர் மக்கள் நேர்முகத்துக்குச் சென்னை முதலிய நகரங்களுக்குச் செல்வதே வழக்கமாக இருந்து வந்தது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேற்படாத தங்கலை அனுமதிக்கின்றன; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டையும் கேட்கின்றன. வேலை, விடுமுறைச் சான்று, வங்கிக் கணக்கு, வருமானவரிக் கணக்கு, திரும்பும் பயணச் சீட்டு ஆகியவற்றைக் காட்டுவதன் கருத்து ஒன்றே: திரும்பி வருவதற்கு இங்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பது.

இங்கேதான் ஒரு தருமசங்கடம் எழுகிறது. துணைவன் அங்கே இருக்கிறான் என்று எழுதினால், அவனுடனேயே தங்கிவிடுவாள் என்று ஐயுறுவார்களோ? எழுதாமல் விட்டால் என்ன? 'ஊர் சுற்றிப் பார்க்க' என்று மட்டும் எழுதிவிடுமாறு அறிவுரை கூறும் நண்பர்கள் பலர் உண்டு. அந்த அறிவுரையை நாம் ஏற்பதற்கில்லை. பொய்யுரைத்து விசா பெற முயல்பவருக்கு வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய தடையை அமெரிக்கச் சட்டம் விதிக்கிறது. பிரிட்டனில் பத்தாண்டுத் தடை நேரலாம். உண்மை கூறி மறுக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஷெங்கன் நாடுகள், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கொடுக்கவும் மேல்முறையீட்டுக்கு இடமளிக்கவும் கடமைப்பட்டவை. பொய் கூறிப் பிடிபட்டவருக்கோ, ஒரு பிரயாணம் மட்டுமன்றி இருவருடைய எதிர்காலமே அடைபட்டுப் போகும். துணைவன் எழுதும் அழைப்புக் கடிதமும், உறவைக் காட்டும் சான்றும், திரும்புவதற்கான காரணமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருப்பதே தக்க வழி.

திருமணமாகாத துணைவரின் நிலை மேலும் நுட்பமானது. தாலியும் பதிவுச் சான்றும் இல்லாத அன்பைச் சட்டம் எளிதில் அறிவதில்லை. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாக எல்லைகள் மூடப்பட்டபோது, கணவன் மனைவியருக்குப் பல நாடுகள் விலக்களித்தன. மணமாகாதவர் வெளியே நின்றனர். 'அன்பு சுற்றுலா அன்று' என்ற முழக்கத்துடன் பல நாட்டினரும் கூடி வேண்டுகோள் விடுத்தனர். ஜெர்மனி 2020 ஆகஸ்டு 10 முதல், நிலையான உறவு என்பதற்குச் சான்று காட்டிய மணமாகாத துணைவரையும் அனுமதித்தது. முன்பே ஜெர்மனியில் சந்தித்திருக்க வேண்டும், அல்லது வேறிடத்தில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 1913இல் எழுந்த கேள்வியே வேறு உருவில் மீண்டும் எழுந்தது எனலாம்: யார் யாருக்கு உற்றார் என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

தன் எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. பிரிந்தவர் கூடுவதற்கு இன்று சட்டத்தில் இருக்கும் இடமெல்லாம், யாரோ சிலர் கேட்டும் காத்திருந்தும் சிறை சென்றும் பெற்றுத் தந்தவை. பிற மாநிலங்களில் வாழும் நாம், ஊரிலிருக்கும் தாயையோ மனைவியையோ காண விரும்பினால், எவரையும் கேளாமல் இரயிலேறி விடுகிறோம். அந்தச் சுதந்திரம் எத்துணை அரியது என்பதை, கடல் கடந்த துணைக்காக விண்ணப்பம் எழுதுவோர் நன்கு அறிவர். நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அத்தகையவர் ஒருவர் இருப்பின், பொய்யான யோசனை கூறாமல், அவருடைய தாள்களைச் சரிபார்த்து உதவுவோமாக.