வெற்று மாத்திரை உண்டவர்கள்

இரத்தக் கொதிப்பு என்பது ஒரு வியாதிதானா, அல்லது இரத்தக் குழாய்கள் தடித்துப்போன நிலையில் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போய்ச் சேரவேண்டித் தேகம் தானே செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடா என்ற சந்தேகம், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேல்நாட்டு வைத்திய மேதைகள் பலருக்கும் இருந்தது. அந்த நாளில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட்டுக்கு, 1944 மார்ச்சில் 186/108 என்று அளந்து கண்ட பிறகும், உப்பைக் குறைப்பது, ஓய்வெடுப்பது, இருதயத்துக்கு டிஜிடாலிஸ் கொடுப்பது என்பவற்றுக்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸில் மூளையில் இரத்தம் பெருகி அவர் மரணமடைந்தபோது, அளவு 300/190 வரை ஏறியிருந்தது.

மருந்துகள் வந்த பின்னும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. நம் தேசத்து வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த சர்ப்பகந்தி வேரால் விளையும் நன்மையை, பம்பாயில் இருதய நிபுணராக விளங்கிய ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் சஞ்சிகை ஒன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் அவ்வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். ஆயினும் கருவியில் பாதரசம் இறங்குவது வேறு, நோயாளியின் ஆயுள் நீள்வது வேறு அல்லவா? இரண்டாவதை யாரும் நிரூபித்துக் காட்டியிருக்கவில்லை.

அந்தப் பொறுப்பை ஏற்றவர், வாஷிங்டனில் முன்னாள் இராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் எட்வர்ட் ஃபிரைஸ். நாட்டின் பல பாகங்களிலும் இருந்த அத்தகைய ஆஸ்பத்திரிகளை ஒன்று சேர்த்து, 1960களில் அவர் நடத்திய பரிசோதனையில் என்னை மிகவும் கவர்வது அதன் முகப்பிலேயே வைக்கப்பட்ட ஒரு சிறு சோதனை. சேர வந்தவர்களுக்கு முதலில் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் கலந்த வெற்று மாத்திரைகளைக் கொடுத்தனுப்பி, மறுமுறை வரும்போது புட்டியில் மிஞ்சியவற்றை எண்ணிப் பார்த்ததோடு, சிறுநீரையும் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவரின் சிறுநீர் மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்ந்தது. அவ்விதம் தேறியவர்களையே சேர்த்துக்கொண்டு, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை வைத்தியரும் நோயாளியும் அறியாதவாறு குலுக்கல் முறையில் பிரித்தார்கள்.

கீழளவு, அதாவது 186/108 என்பதுபோல் எழுதுகையில் இரண்டாவதாக வரும் எண், 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில், 73 பேருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரிசர்பைன், ஹைட்ரலசின் என்ற மூன்றும், 70 பேருக்கு வெற்று மாத்திரையும் கிடைத்தன. சராசரியாக இரண்டாண்டுகூட நிறையாத காலத்துக்குள், வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான விபரீதங்கள் நேர்ந்து, நால்வர் இறந்துபோனார்கள். மருந்துண்டவர்களில் விபரீதத்துக்கு உள்ளானவர்கள் இருவரே, இறந்தவர் ஒருவருமில்லை. அந்தப் பிரிவை அத்துடன் நிறுத்தி, முடிவை 1967இல் வெளியிட்டார்கள்.

அந்த நால்வரை நினைக்கையில் மனம் சஞ்சலப்படத்தான் செய்கிறது. மருந்து கைவசம் இருந்தும் கொடுக்காமல் பார்த்திருப்பது தர்மமா என்ற கேள்விக்கு, அது உயிரைக் காக்குமா என்பதை அன்று எவரும் நிச்சயமாக அறியார் என்பதுதான் நேர்மையான பதில். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்று காலை உணவோடு மாத்திரையைப் போட்டுக்கொள்கிற கோடிக்கணக்கானவர்கள், அந்த எழுபது பேருக்குக் கடன்பட்டவர்கள் என்பதையும் சொல்லாதிருக்க முடியவில்லை.

கீழளவு 90 முதல் 114 வரை இருந்த 380 பேரின் சோதனை மேலும் தொடர்ந்தது. 1970இல் வெளியான கணக்குப்படி, இரத்தக் கொதிப்பு சம்பந்தமான காரணங்களால் இறந்தவர்கள் வெற்று மாத்திரைப் பிரிவில் 19, மருந்துப் பிரிவில் 8. மறு ஆண்டே ஃபிரைஸுக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1972இல் அமெரிக்க அரசாங்கம் இரத்தக் கொதிப்பைப் பற்றி ஜனங்களுக்கு அறிவூட்ட ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.

எனினும் ஃபிரைஸின் சோதனைகளில் பெண் ஒருத்தியும் இல்லை. முதியவர்களுக்கு மேலளவு மாத்திரம் ஏறி நிற்பதை வைத்தியர்கள் மூப்பின் இயல்பென்றே விட்டுவந்தார்கள். அறுபது வயதைக் கடந்த 4,736 பேர், அவர்களில் பெண்களே பெரும்பான்மையாக, மற்றொரு பரிசோதனைக்கு முன்வந்த பிறகுதான், அந்த ஏற்றத்தையும் மருந்தால் தணித்தால் பக்கவாதம் நூற்றுக்கு 36 பங்கு குறையும் என்பது 1991இல் ருசுவாயிற்று.