கள்ளுக்கடையும் தொழிலாளர் போராட்டமும்

சிம்பாங் அம்பாட், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களுக்குக் கள்ளுக்கடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இன்று தோட்டங்கள் பலவும் வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. அந்தக் கடைகளும் தரைமட்டமாயின. அவற்றை மூடச் சொல்லித் தொழிலாளர்களே போராடிய வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டங்களில் கள்ளுக்கடை நடத்த அரசாங்கமே அனுமதி வழங்கியது. தென்னங்கள் விரைவில் புளித்துவிடும். ஆகவே இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். வேலை முடிந்து களைத்து வருபவருக்கு லயத்துப் பக்கத்திலேயே கடை திறந்திருந்தது. சம்சுவைவிடக் கள் கேடு குறைந்தது என்று அதிகாரிகள் காரணம் கூறினர். அரசுக்கு வரி கிடைத்தது. தோட்டக் கடையின் இலாபம் தொழிலாளர் நல நிதியில் சேர்ந்தது. தொழிலாளி குடித்த காசு, நலச் செலவு என்ற பெயரில் அவரிடமே திரும்பியது. இடையில் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று கேட்பவர் இல்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றைக் கேட்டனர். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர். 1947 பிப்ரவரி 28-இல் பீடோங் கள்ளுக்கடை முன் தொண்டர்கள் மறியல் செய்தபோது போலீசாருடன் மோதல் மூண்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அடுத்த சில நாள்களில் ஹார்வர்ட் தோட்டத்திலும் மோதல் ஏற்பட்டது. பலர் சிறை சென்றனர்.

அந்தத் தொழிலாளர்கள் கள்ளை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். குறைந்த கூலியும் பள்ளியில்லாப் பிள்ளையும் மதிப்பில்லா வாழ்வும்தான் மனிதனைக் கடைவாசலுக்குத் தள்ளின என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கள்ளுக்கடை மறைந்த இடங்களிலும் மலிவுச் சம்சு நுழைந்து குடும்பங்களைச் சீரழித்தது இதற்குச் சான்று.

கடையை இடிப்பது ஒரு நாள் வேலை. சம்பளக் காசு முழுதாக வீடு வந்து சேர்வதுதான் அவர்கள் உயிர் கொடுத்துக் கேட்ட மாற்றம். அதை நிறைவேற்றும் பொறுப்பு இன்று நம் கையில் இருக்கிறது.